மொட்டை டயருக்கு எண்ணூறு டாலர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டல்லாஸிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி.

"மாமா, வண்டிக்கு ரெண்டு டயர் போடணும். நீங்க பேங்க்ல வண்டி லோன் எல்லாம் பாக்கிறவங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

நான் ஓட்டுவது ஆக்டிவா. அவன் வைத்திருப்பது ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 5 லிட்டர் எஞ்சின், அதன் தலையில் ஒரு சூப்பர்சார்ஜர் வேறு ஏற்றியிருக்கிறான். 700 குதிரைத் திறன் என்கிறான். கதை விடுகிறானோ என்று நினைத்தேன். இல்லையாம், ஃபோர்டு கம்பெனியே 2023ல் இந்த வண்டிக்கு 700 குதிரை தரும் ஒரு பெட்டியை அறிவித்து விற்கிறது. நம் ஊரில் 2005ல் டாடா ஏஸ் வந்தபோது அதன் எஞ்சின் 16 குதிரை. எங்கள் கிளையில் நான் கடன் கொடுத்த சின்ன யானைகளில் நாற்பத்து மூன்றை வரிசையாகக் கட்டி இழுத்தாலும் இவன் ஒரு வண்டிக்குச் சமமாகாது. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது என்பது வேறு விஷயம் :-)

மருமகன் யோசனை கேட்கும்போது தெரியாது என்று சொல்ல எந்த மாமாவுக்கு வாய் வரும்? "சொல்லுல" என்றேன்.

அவன் வாங்க நினைப்பது டிராக் ரேடியல் என்ற வகை. எனக்குப் புரியவே அரை மணி நேரம் ஆனது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்று பார்ப்பது டிராக் ரேஸ். அமெரிக்காவில் இது பெரிய விளையாட்டு. 1951லேயே இதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பின்சக்கரம் சும்மா சுற்றாமல் தரையைப் பிடிக்க வேண்டும். முழு ரேஸ் டயரில் பட்டனே இருக்காது, வழவழவென்று இருக்கும். அதைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. டிராக் ரேடியல் அதற்கும் சாதாரண டயருக்கும் நடுவில் நிற்பது. மெத்தென்ற ரப்பர், பேருக்குச் சில கோடுகள், பக்கவாட்டில் அரசு விதிக்கு உட்பட்டது என்பதற்கான டி.ஓ.டி. முத்திரை. முத்திரை இருப்பதால் ரோட்டிலும் ஓட்டலாம்.

பிக்கப் வண்டிக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பதும் நியாயமாகவே இருந்தது. பின்னால் சாமான் ஏற்றத்தானே பிக்கப். சாமான் இல்லாதபோது எடையெல்லாம் முன்னால் எஞ்சின் பக்கம். பின்சக்கரத்தில் பாரமே இல்லை, ஆனால் இழுக்கிறது அதுதான். 700 குதிரையை அவிழ்த்துவிட்டால் சக்கரம் புகை கக்குமே தவிர வண்டி நகராது.

"விலை என்னல?"

"ரெண்டு டயர் எண்ணூறு டாலர், மாமா." எழுபதாயிரம் ரூபாய் வாக்கில்.

டயரின் படம் அனுப்பினான். பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. புது டயர். ஆனால் பட்டன் தேய்ந்த டயர் மாதிரியே இருந்தது.

கொஞ்சம் பழைய கதை. நான் பி.காம். முடித்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியது சீத்தா கேம்பில், அக்கா வீட்டில். 1976ல் ஜனதா காலனியைக் காலி செய்து கொண்டுவந்து விட்ட இடம் இது. அப்போது ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது பத்துக்குப் பதினைந்து அடி. அப்படி ஒரு வீட்டில்தான் அக்கா, அத்தான், இந்தப் பயல், நான். அத்தான் ஒருவரிடம் சம்பளத்துக்கு மெட்டடார் டெம்போ ஓட்டினார். வாஷி மார்க்கெட்டிலிருந்து காய்கறி. சந்துக்குள் வண்டி வராது, மெயின் ரோட்டில் நிறுத்துவார். இவன் அப்போது சின்னப் பையன். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது இவன் வேலை. அதற்கு ஒரு மிட்டாய்.

டெம்போவின் பின் டயர் இரண்டும் மொட்டை. ஏற்கெனவே ரீட்ரேட் செய்தது, அதுவும் தேய்ந்துவிட்டது. முதலாளியிடம் அத்தான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மழை வரட்டும், பார்க்கலாம்" என்றார் அவர்.

2001 ஜூனில் மழை வந்தது. மும்பையில் முதல் மழைதான் மோசமான மழை. எட்டு மாதமாக ரோட்டில் சிந்திய டீசலும் எண்ணெயும் தூசியும் முதல் தண்ணீரில் மேலே மிதந்து வரும். மாகுல் பக்கம் டேங்கர் போகிற ரோடெல்லாம் சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். கடற்கழிப் பாலம் தாண்டி மான்குர்த் வரும்போது முன்னால் ஒரு ரிக்‌ஷா நின்றது. அத்தான் பிரேக் போட்டார். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. அப்படியே சுற்றிப் போய் டிவைடரில். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, ஏழு மாதம் படுக்கை. நான் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஒரு கடையில் கணக்கெழுதிய சம்பளத்தில்தான் அந்த ஏழு மாதம் அடுப்பு எரிந்தது. அத்தான் இன்றைக்கும் படி ஏறும்போது கம்பியைப் பிடித்துத்தான் ஏறுவார்.

புது டயர் வாங்கக் காசில்லாமல் அப்பா மொட்டை டயரில் ஓட்டினார். மகன் எண்ணூறு டாலர் கொடுத்து அதே மாதிரி டயர் வாங்குகிறான். இதை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி உணர்ச்சிவசப்பட்டு "வேண்டாம்" என்று சொன்னால் அவன் கேட்க மாட்டான். நானும் அந்த வயதில் கேட்டதில்லை. அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பது மாதிரியே பார்த்தேன். படித்த பிறகு என் கருத்து இதுதான்: டிராக் ரேடியல் கெட்ட டயர் இல்லை. குடும்பம் ஏறுகிற வண்டியில் ஏழு நாளும் மாட்டி வைத்திருப்பதுதான் தப்பு.

அந்த டயரின் பிடிப்பு என்பது ரப்பரில் மட்டும் இல்லை. பந்தயத் தளத்தில் கிளம்புவதற்கு முன் தண்ணீரில் நனைத்துப் பின்சக்கரத்தை ஒரு இடத்திலேயே சுற்றவிட்டுச் சூடேற்றுகிறார்கள். தரையிலும் பசை மாதிரி ஒரு திரவம் தெளித்து வைத்திருக்கிறார்கள், செருப்பு ஒட்டிக்கொள்ளுமாம். மெத்தென்ற ரப்பர், சூடு, பசைத் தரை மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பிடிப்பு. நம் வீட்டுத் தெருவில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் அப்போதும் சாதாரண டயரைவிட நன்றாகவே பிடிக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எண்ணூறு டாலருக்கான முழுப் பலன் ரோட்டில் கிடைக்காது.

மழையில் கதையே வேறு. டயரில் கோடு போடுவது அழகுக்கு இல்லை, தண்ணீர் வெளியேற வாய்க்கால் அது. வாய்க்கால் போதாமல் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். இதற்கு 1960களில் நாசாவில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் வரும். 35 பிஎஸ்ஐக்கு மணிக்கு சுமார் 98 கிலோமீட்டர். 20 பிஎஸ்ஐக்கு 74தான். ஏன் 20 என்று சொல்கிறேன் என்றால், பந்தயத் தளத்தில் பிடிப்புக்காகக் காற்றை இறக்குகிறார்கள், 20க்கும் கீழே கூடப் போகிறார்கள். திரும்பக் காற்று அடிக்கச் சோம்பல்பட்டு அப்படியே வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்களும் உண்டாம். டெக்ஸாஸ் நெடுஞ்சாலையில் 74 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.

இன்னொன்று, டிராக் ரேடியலைப் பின்னால் மட்டும் போடுகிறார்கள், முன்னால் சாதாரண டயர். மழை என்று வந்தால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். அத்தானுக்கு மான்குர்த்தில் நடந்தது அதுதானே. இதை மட்டும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அப்பா வண்டி ஞாபகம் இருக்கு மாமா" என்றான்.

காற்று குறைவது மழையில் மட்டும் ஆபத்து இல்லை. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் திரும்ப வாங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்தது. அமெரிக்க அரசின் கணக்கில் 270 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஃபோர்டு சொன்ன காற்று 26 பிஎஸ்ஐ, டயர் கம்பெனி பிறகு கேட்டது 30. தப்பு டயரிலா வண்டியிலா என்று இரண்டு கம்பெனியும் அடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட நூறு வருட உறவே முறிந்தது. காற்று குறைவு, பாரம், வெயில் மூன்றும் சேர்ந்தால் டயருக்குள் சூடு ஏறும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. டெக்ஸாஸ் வெயிலைப் பற்றி அங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குளிரும் ஆகாது. மெத்தென்ற ரப்பர் உறைநிலைக்குப் பக்கத்தில் கட்டையாகிவிடும், வெடிப்பும் விடும். டெக்ஸாஸில் குளிர் எங்கே என்று கேட்டான். 2021 பிப்ரவரியில் கரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்களுக்கு வீடியோ கால் செய்தது யார் என்று கேட்டேன்.

அமெரிக்காவில் கார் அளவு டயர்களின் பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்று போட்டிருப்பார்கள். (எல்.டி. என்று தொடங்கும் லாரி வகை டயருக்கு இது கிடையாது.) மேற்கு டெக்ஸாஸில் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில், மொத்தம் 7,200 மைல் ஓட்டிப் பார்த்துத்தான் இந்த எண்ணைத் தருகிறார்கள். ஒப்பிடுவதற்கான டயருக்கு 100 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறார்கள். சாதாரண பிக்கப் டயர்களில் 500, 600 சகஜம். டிராக் ரேடியலில் நிட்டோ கம்பெனியின் என்டி555ஆர் 100. அதே கம்பெனியின் என்டி05ஆர் 00. நான் பார்த்த கடன் கணக்குகளில் எந்தப் பத்தியிலும் 00 வந்தால் நல்ல செய்தியாக இருந்ததில்லை.

ஒரே செட்தான் வைத்துக்கொள்வேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் 00 பக்கம் போகவே வேண்டாம். 100ல் கோடு கொஞ்சம் அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கி, மழை நாளில் வண்டியை எடுக்காமல் இருங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால் இரண்டு மட்டும் மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் கியர்பெட்டிப் பக்கம் தேய்ந்து செலவு வைக்கும். நல்லவேளை, இவன் வண்டி பின்சக்கரம் மட்டும் இழுப்பது.

காசுக் கணக்குக்கு வருகிறேன். அவன் நண்பனுக்கு டிராக் ரேடியல் 10,000 கிலோமீட்டர் வந்ததாம். ஒரு டயர் 400 டாலர், ஆகக் கிலோமீட்டருக்கு 4 சென்ட். இப்போது வண்டியில் இருக்கும் சாதாரண டயர் 275 டாலர், 80,000 கிலோமீட்டர் எதிர்பார்க்கிறான், மூன்றில் ஒரு சென்ட். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஆபீஸுக்குப் போகிற, பால் வாங்கப் போகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பன்னிரண்டு மடங்கு! எங்கள் கிளையில் சின்ன யானை கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் திட்ட அறிக்கையில் டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும். டயர் 'இதர செலவு' என்ற கடைசி வரியில் ஒளிந்திருக்கும். நான் அதை வெளியே இழுத்துத் தனி வரியாகப் போடச் சொல்லுவேன். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் புரியும்.

ஆகவே நான் சொன்னது: இரண்டு பழைய ரிம் வாங்கு. அவன் விசாரித்ததில் 350 டாலர். டிராக் ரேடியலை அதில் ஏற்றி கராஜில் வை. ஓட்ட ஆசை வந்தால் என்னிஸ் ஊரில் இருக்கும் டெக்ஸாஸ் மோட்டார்பிளெக்ஸுக்குப் போ. 1986ல் கட்டியது, டல்லாஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அங்கே போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வா. திங்கட்கிழமை வண்டி சாதாரண டயரில் நிற்க வேண்டும். 20 இஞ்ச் ரிம்முக்கு இந்த வகை டயர் குறைவு என்பதால் 17, 18க்கு இறங்குகிறார்கள்; அப்படி இறங்கினால் பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்காதா என்று முதலில் பார். டயரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2324 என்றால் 2024ன் 23வது வாரம். கடையில் தள்ளுபடி என்றால் அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடு.

"ரோட்டுல ரேஸ் எல்லாம் ஓட மாட்டேன் மாமா. வீக்எண்டுக்கு மட்டும் எடுக்கிற வண்டி இது" என்றான்.

அவன் முதல் நாள் அனுப்பிய வண்டிப் படம் என் போனில் இருந்தது. கறுப்பு வண்டி, பளபளவென்று. பெரிதாக்கிப் பார்த்தேன். பின் கண்ணாடி வழியாகக் குழந்தை சீட் தெரிந்தது. பேத்திக்கு இரண்டு வயது. "வீக்எண்டு வண்டியில சீட் எதுக்குல?" என்று கேட்டேன். அவள் காரை சர்வீஸுக்கு விடும்போது மட்டும் டேகேருக்கு இதில் கூட்டிப் போவாளாம். சர்வீஸ் நாளில் மழை பெய்யாது என்று மருமகளுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

அங்கே 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். இங்கே காருக்கும் டெம்போவுக்கும் டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. விதி 2001லும் இருந்தது. யார் குனிந்து பார்த்தார்கள் என்பது தனிக் கதை. எந்த ஊராக இருந்தாலும் டயரைக் குனிந்து பார்க்க வேண்டியவன் ஓட்டுகிறவன்தான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயம் ஏற்கெனவே போயிருந்தது. "ரெண்டு செட் டயர் வாங்கச் சொன்னியாமே, எதுக்குல அவனுக்குச் செலவு இழுத்து விடுத?" என்று அக்கா கேட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கி அந்த டயர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ரப்பர் நல்ல ரப்பர்தான் போல" என்றார். கொஞ்சம் கழித்து, "லோடு எவ்வளவு தாங்கும்னு கேட்டியா?" என்றார்.

நான் கேட்கவில்லை! இவ்வளவு படித்தவன் முதல் கேள்வியை விட்டிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து மருமகனுக்குச் செய்தி அனுப்பினேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு என்று. நேற்று வந்தது. பின் அச்சு அதிகபட்சம் 4,100 பவுண்டு, அதாவது 1,860 கிலோ. ஒரு டயருக்கு 930. டயரின் அளவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் லோடு எண் 110 என்றால் 1,060 கிலோ தாங்கும். ஆனால் கார் அளவு டயரை பிக்கப்பில் மாட்டினால் அதை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 963 கிலோ. தேறும். 106 என்றால் 950ஐ வகுத்து 863. தேறாது.

அவன் பார்த்து வைத்திருக்கும் டயரில் எந்த எண் என்று கேட்டிருக்கிறேன். கடைக்காரன் திங்கட்கிழமை சொல்கிறானாம்.